கக்குவான் ஊசி

அபுதாபியில் நீங்கள் அண்ணாந்து பார்க்கிற கட்டடங்களில் பலவற்றுக்கு ராக்கப்பன் அண்ணன் சாரம் கட்டியிருக்கிறார். கட்டடம் எழும்பியதும் சாரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஆகையால் அவர் கை பட்டதற்கு இன்றைக்கு ஓர் அடையாளமும் கிடையாது. இதை நான் எடுத்துச் சொன்னால், "சும்மா கெட பாண்டி, சம்பளம் வாங்கலையா" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

நான் பாண்டித்துரை. ஊருக்கு வெளியே முசாஃபாவில் தொழிலாளர் கேம்ப் பஸ் ஓட்டுகிறவன். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் சைட்டில் இறக்கி, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவேன். அண்ணனும் நானும் ஒரே ரூம். கீழ்க்கட்டில் அவருக்கு, மேல்கட்டில் எனக்கு. எனக்கு முன்கோபம் என்று கேம்ப் முழுக்கத் தெரியும். அவருக்குக் கோபமே வராது. அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

வேலையில் மட்டும் கறார் ஆசாமி. சாரம் கட்டி முடித்து, ஒவ்வொரு இணைப்பையும் தானே இழுத்துப் பார்த்து, பச்சை அட்டை மாட்டின பிறகுதான் ஆட்களை ஏறவிடுவார். அதற்கு முன்னால் சூபர்வைசர் யல்லா யல்லா என்று அவசரப்படுத்திக் கத்தினாலும் சரி, மேனேஜரே வந்து நின்றாலும் சரி, "சபர் பாய், சபர்" என்று கையைக் காட்டிவிடுவார். பொறு என்று அர்த்தம். அவர் கட்டிய சாரத்திலிருந்து ஒருத்தனும் விழுந்ததில்லை. நானே அதைக் கேம்பில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன்.

ஊர் சிவகங்கைப் பக்கம். ஒரே மகன் விமல். மகன் பிறந்தபோது இவர் இங்கே. அப்போது போனில் முகம் பார்க்கிற வசதியெல்லாம் ஏது? ஊருக்குப் போய்த் திரும்புகிறவன் யாராவது போட்டோ கொண்டுவந்தால் உண்டு. முதல் லீவில் இவர் போய் இறங்கியபோது பையன் நடந்து, ஓடி, வாயாடவும் ஆரம்பித்திருந்தான். இவரைக் கண்டதும் அம்மா சேலைக்குள் புகுந்துகொண்டவன், லீவு முடிகிற சமயத்தில்தான் வெளியே வந்தானாம். "பச்சப்புள்ளயில அவனத் தூக்குனதே இல்லப்பா. தூக்குற வயசுல நான் இங்க பைப்பத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்கிற விஷயமா இது?

அந்த விமல் படித்து, இன்ஜினியராகி, இங்கேயே கடலுக்குள் இருக்கிற எண்ணெய் மேடையில் வேலைக்கு வந்தான். ஒரு மாசம் கடலில், ஒரு மாசம் வீட்டில். கட்டிய பெண் ரக்ஷிதா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். எலக்ட்ரா தெருவில் ஒற்றைப் படுக்கையறை பிளாட். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஏழாம் மாசத்திலேயே. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் செருகி, ஒரு மாசத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துதான் கொடுத்தார்கள். அந்த ஒரு மாசமும் ரக்ஷிதா அந்தப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்று அண்ணன் சொன்னார்.

அதே சமயத்தில் அண்ணனுக்கு அறுபது முடிந்தது. கம்பெனி விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புகிறது. கலாஸ், போனால் போனதுதான். ஊரில் அவர் சம்சாரம் கனகா அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். கூட இருக்க வேறு ஆளில்லை. அதனால் டிக்கெட்டைத் தள்ளிப்போடவும் வழியில்லை. கிளம்புவதற்கு முன் அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். பேத்தியை ஒரு தடவை கையில் வாங்கிவிட வேண்டும். அடுத்த வருஷம் விமல் லீவில் ஊருக்குக் கூட்டிவருவான்தான். அதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிடுவாள். யாரோ கிழவன் என்று அவள் ஒளிந்துகொள்வாள் என்பது அண்ணனுக்குத் தெரியாதா?

கனகா அக்கா வேறு தினமும் போன் போட்டுக் கேட்கும். "பிள்ளையத் தூக்குனீகளா? பிள்ளை மேல வாசம் எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க. போன்ல மூக்கு முழியெல்லாம் தெரியுது, அது மட்டும் தெரிய மாட்டேங்குது."

ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழந்தை ரொம்பச் சின்னது, அதற்கே இன்னும் ஊசி போடவில்லை, அதனால் தூக்குகிறவர்கள் எல்லாரும் ஒரு தடுப்பூசி போட்டு, ரெண்டு வாரம் போன பிறகுதான் தொட வேண்டும். கடலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் விமல் போனில் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அப்பா, ஹூப்பிங் காஃப் வேக்ஸின்னு கேட்டுப் போட்டுக்கங்க. நம்ம வீட்டுல எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி."

"என்னது, ஊப்பியா?"

பின்னாலிருந்து ரக்ஷிதாவின் அம்மா பானுமதி குரல் கொடுத்தார். அந்த அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். "கக்குவான் சம்பந்தி, கக்குவான் இருமல்."

அண்ணன் முகம் மாறிவிட்டது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது கைக்குழந்தையான தங்கச்சி ஒன்றைக் கக்குவான் கொண்டுபோயிருக்கிறது. இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிடும், மூச்சை இழுக்கும்போது கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும் என்று அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். அத்தனை வருஷம் கூட இருந்தும் அப்படி ஒரு தங்கச்சி இருந்ததே எனக்குத் தெரியாது.

"மருமக சொல்றது சரிதான். ஊசி போடாம நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "சொந்தப் பேத்தியத் தொட ஊசியா? என்ன கூத்துண்ணே இது? நம்மளையெல்லாம் ஊசி போட்டா வளத்தாக?"

"எட்டுப் பேர் படுக்கிற ரூமு. ஒருத்தன் தும்முனா எட்டுப் பேருக்கும் மூக்கு ஒழுகுது. அத யோசிச்சியா?"

நான் மேல்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் இங்கே மருந்துக்கடையிலேயே தடுப்பூசி போடுகிறார்கள். கேம்புக்கு எதிர்ச்சாரியில் உள்ள கடைக் கண்ணாடியில் கையும் ஊசியுமாக ஒரு படம் ஒட்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டாம், டூட்டியும் போகாது. ஞாயிற்றுக்கிழமை குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி அண்ணன் கிளம்பிப் போனார். கடையில் இருந்தது கோழிக்கோட்டுப் பையன். நடந்ததைத் திரும்பி வந்து எங்களுக்கு நடித்தே காட்டினார்.

"எந்தா சேட்டா வேண்டது?" என்று கேட்டிருக்கிறான் அவன்.

"கக்குவான் ஊசி."

"கக்குவானோ? அதெந்தா?"

மலையாளத்தில் அதற்கு வில்லன் சும என்று வேறு பெயராம். அது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. இருமலுக்கு ஊசி என்று அண்ணன் தனக்குத் தெரிந்த இந்தியில் இறங்கிவிட்டார். "கான்சி, பாய், கான்சி. சோட்டா பச்சாவுக்கு வரும்ல, அது வராம இருக்க சுயி." அப்படியும் பையன் விழிக்கவே, தங்கச்சி இருமியதை அப்படியே இருமிக் காட்டியிருக்கிறார். கடையில் நின்றவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்களாம். அப்போதுதான் பையன் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினான்.

"பனியும் சுமயும் வராதிரிக்கானல்லே? உண்டு சேட்டா, இரிக்கூ."

அவர்கள் பாஷையில் பனி என்றால் காய்ச்சல், சும என்றால் இருமல். அண்ணனோ, பனியில் சளி பிடிப்பதைச் சொல்கிறான், எல்லாம் ஒரே குடும்பம்தான் என்று நினைத்துச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். வலிக்காமல் போட்டு, கொஞ்ச நேரம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

அன்றையிலிருந்து எங்கள் ரூமில் ஒரே கேலிதான். "என்னண்ணே, பேத்தியத் தூக்க லைசென்ஸ் வாங்கிட்டீகளா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. பைப்பைப் பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. பிள்ளைக்குக் கீறிவிடும் என்று தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்தார். நகத்தை ஒட்ட வெட்டினார். எதிர்க்கட்டில் மாயாண்டிக்கு ஊரில் ரெண்டு பிள்ளைகள், ரெண்டும் பிறக்கும்போது லீவு கிடைத்த அதிர்ஷ்டக்காரன். அவன் தலையணையை வைத்து இவருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"கழுத்து நிக்காதுண்ணே. தலைக்குக் கீழ கை குடுத்துட்டுத்தான் தூக்கணும்."

"இப்பிடியா?"

"இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அவ்வளவுதான்."

அறுபது வயசு ஆள் தலையணையைக் கையில் ஏந்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

ரெண்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் பஸ் பிடித்து எலக்ட்ரா தெருவுக்குப் போனோம். ரக்ஷிதா முகத்தில் மாஸ்க்குடன் கதவைத் திறந்தாள். "வாங்க மாமா, வாங்க அங்கிள்" என்று அன்பாகத்தான் கூப்பிட்டாள். அண்ணன் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். பானுமதி அம்மா அவர் மடியில் ஒரு தலையணை வைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்தார். அண்ணன் ரெண்டு கையையும் அதன் மேல் தயாராக வைத்துக்கொண்டார்.

ரக்ஷிதா உள்ளேயிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வரும்போதே, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

"ஊசி போட்ட கை வலிச்சுதா மாமா? எனக்கு ரொம்ப வலி."

"அதெல்லாம் இல்லத்தா. அந்தக் கடைக்காரத் தம்பி புளூ புளூன்னு சொன்னானா, நானும் நீலமா இருக்கும்னு பாத்தேன். பாத்தா தண்ணி கணக்கா இருக்கு."

பானுமதி அம்மாவும் நானும் சிரித்தோம். ரக்ஷிதா சிரிக்கவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"ஃப்ளூன்னா சொன்னாங்க மாமா?"

"ஆமாத்தா. கக்குவானுக்கு இங்கிலீசுல அதானே?"

"இல்ல மாமா." அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அது வேற. அது சாதாரண சளிக் காய்ச்சலுக்கு. இது டிஃபரென்ட் வேக்ஸின், மாமா."

அண்ணனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது மடியில் இருந்த கைகளை மெல்ல எடுத்துக்கொண்டார். ரக்ஷிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சாரி மாமா, டாக்டர் வந்து, பாப்பா ரொம்ப, எனக்குத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாமா" என்று நின்ற இடத்திலேயே அழுதாள்.

எதிரில் இருக்கிறது பிள்ளை, நாலடி எடுத்து வைத்தால் மடி. எதையாவது சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அண்ணன் என் முழங்காலை அழுத்திப் பிடித்துவிட்டார்.

"நீ எதுக்குத் தாயி அழுகுற? நல்ல வேளை கேட்ட. கேக்காமக் குடுத்திருந்தா என்னத்துக்கு ஆகும்?" என்றார். தலையணையைத் தானே எடுத்துச் சோபா ஓரமாக வைத்தார். அப்புறம் எழுந்து, சன்னல் பக்கம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். "அங்க இருந்தே முகத்தக் காட்டு, பாத்துக்கிறேன்."

அவள் துணியை விலக்கிக் காட்டினாள். பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கத்திக்கொண்டே வந்தேன். அந்தக் கோழிக்கோட்டானை ரெண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அவன் என்னப்பா பண்ணுவான்? நான் கேட்டது அவனுக்கு வெளங்கல, அவன் சொன்னது எனக்கு வெளங்கல. ரெண்டு பேரும் தலையத் தலைய ஆட்டிக்கிட்டோம்."

மறுநாளே லீவு போட்டு டவுனுக்குப் போனார். ரக்ஷிதா ஊசியின் பெயரைப் போனில் பேசி அனுப்பியிருந்தாள். கிளினிக்கில் அதை நர்ஸ் காதில் வைத்துக் கேட்கச் சொல்லி, சரியான ஊசியைப் போட்டுக்கொண்டார். அந்த நர்ஸும் அதையேதான் சொன்னாள், ரெண்டு வாரம். ரெண்டு வாரம் முடிவதற்கு முன்னாலேயே மதுரைக்கு அவர் விமானம்.

விமல் கடலிலிருந்து போன் போட்டான். "அப்பா, ஒரு நிமிஷம் தூக்கினா ஒண்ணும் ஆகாதுப்பா. நான் ரக்ஷிதாகிட்ட பேசுறேன்."

"வாய மூடுடா" என்றார் அண்ணன். ரூமே திரும்பிப் பார்த்தது. "நீ அந்தச் சத்தத்தக் கேட்டதில்ல. கேட்டவன் நான் சொல்றேன். அவகிட்ட ஒரு வார்த்த பேசக்கூடாது நீ." போனை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குழாய்ச் சத்தம் வெகுநேரம் நிற்கவேயில்லை.

கிளம்புகிற நாள் வந்தது. கம்பெனி பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கொடுத்துவிட்டது. நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். விமல் அன்று காலைதான் கடலிலிருந்து கரைக்கு வந்திருந்தான். ரக்ஷிதா பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கூட்டமில்லாத ஓரமாகத் தள்ளி நின்றோம்.

கொஞ்ச நேரம் ஆபரேஷனைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி ஏதேதோ பேசினார்கள். பிறகு ரக்ஷிதா திடீரென்று முன்னால் வந்தாள்.

"மாமா, நான் தர்றேன். மாஸ்க் போட்டுக்கங்க. ரெண்டு நிமிஷம்தான், ஒண்ணும் ஆகாது." பிள்ளையை அவர் பக்கம் நீட்டினாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல அது. அவளாகவேதான் நீட்டினாள்.

அண்ணன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் தாயி. ரூமுல மாயாண்டிக்கும் இன்னொருத்தனுக்கும் இருமல். எனக்கு இன்னும் நாள் ஆகல."

"பரவால்ல மாமா."

"உனக்கே பயம்தான தாயி. உள்ள வச்சுக்க."

அவள் பிள்ளையைத் திரும்ப நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். விமலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் மட்டும்தான் அழவில்லை. "தாயி, ஒண்ணு கேக்கணும். பிள்ள மேல என்ன வாசம் வருது? உங்க அத்தை கேப்பா."

ரக்ஷிதா குனிந்து பிள்ளையின் தலையில் மூக்கை வைத்தாள். நிமிர்ந்தாள். சொல்ல வார்த்தை தேடினாள். "பால் மாதிரி. சூடா. தெரியல மாமா."

"பால் வாசம்னு சொல்லிடுறேன்" என்றார். என் தோளைத் தட்டிவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கைகளைப் பார்த்தேன். எண்ணெய் போட்டு ஊறவைத்த கை, அவர் சர்வீஸிலேயே அத்தனை மெத்தென்று இருந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் கட்டிலுக்கு நேபாளத்துப் பையன் ஒருவன் வந்துவிட்டான். ஒரு சாயங்காலம் சைட் வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஆட்கள் ஏறக் காத்திருந்தேன். மதுரையிலிருந்து அண்ணன் போன் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கனகா கஞ்சி குடிக்கிறாள் என்றார். நான் வண்டியைப் பற்றிச் சொன்னேனா, சூபர்வைசரைத் திட்டினேனா, ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். ஆட்கள் ஏறி முடித்தார்கள். வைக்கட்டுமா என்று கேட்கப் போனேன்.

"பாண்டி, இன்னியோட ரெண்டு வாரம் முடிஞ்சிருச்சுப்பா" என்றார்.

"எதுக்குண்ணே ரெண்டு வாரம்?"

"ஊசி போட்டு. இனிமே நான் பிள்ளையத் தூக்கலாம்."